குழந்தை வழிகாட்டு மையத்திற்கு முதன்முறை செல்லும் பெற்றோருக்கு

பிள்ளையின் நடத்தையோ மனநிலையோ படிப்போ கவலை தரத் தொடங்கி, ‘மனநல மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்’ என்று பள்ளியோ குழந்தைநல மருத்துவரோ சொன்ன பிறகும், பெற்றோர் பலர் அங்கே செல்வதற்கு மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் அந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி. ஆகவே, போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தொடங்கி, சிகிச்சை முடிந்து விடைபெறுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் நடப்பது என்ன, அதற்குப் பெற்றோர் எவ்வாறு ஆயத்தமாகலாம் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

அங்கே யார் யார் இருப்பார்கள்

முதன்முறை வருவோருக்கு வியப்பும் சில வேளை சலிப்பும் தருவது, ஒரே மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாமல் பலரைச் சந்திக்க வேண்டியிருப்பதுதான். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1899-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் சிறார்களுக்கென்று தனி நீதிமன்றம் தொடங்கப்பட்டது. அங்கே நிறுத்தப்பட்ட சிறார்கள் ஏன் அவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதை ஆராய்வதற்காக, 1909-இல் மருத்துவர் வில்லியம் ஹீலியின் பொறுப்பில் ஒரு நிலையம் உருவானது. ஒரு பிள்ளையின் நடத்தைக்கு ஒற்றைக் காரணம் இருப்பது அரிது என்பதும், உடல், அறிவுத்திறன், குடும்பச் சூழல் ஆகியவை ஒவ்வொரு பிள்ளையிடமும் வெவ்வேறு விதமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதும் அவர் பணியில் தெளிவாயின. 1920-களில் காமன்வெல்த் நிதியம் என்ற அமெரிக்க அறக்கட்டளையின் உதவியால் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மாதிரிக் குழந்தை வழிகாட்டு மையங்கள் தோன்றின. 1927-இல் லண்டனில் இமானுவல் மில்லர் இத்தகைய மையம் ஒன்றைத் தொடங்கினார். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்ற மூவர் குழு அந்தக் காலத்திலேயே இம்மையங்களின் முதுகெலும்பாகிவிட்டது.

இன்றும் அதே அமைப்புதான், சற்று விரிந்திருக்கிறது. மனநல மருத்துவர் உடல் சார்ந்த காரணங்களையும் நோய்க்குறிகளையும் ஆராய்ந்து, தேவையானால் மருந்து எழுதுகிறார். மருத்துவ உளவியலாளர் சோதனைகளையும் உளவியல் சிகிச்சையையும் நடத்துகிறார். சமூகப் பணியாளர் குடும்பத்தோடும் பள்ளியோடும் பேசிச் சூழலை அறிகிறார். பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களையும் புலனுணர்வுச் சிக்கல்களையும் கவனிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோரும் பெரிய மையங்களில் இருப்பார்கள். ஒரே கேள்வியை இருவர் கேட்டால் எரிச்சல் கொள்ள வேண்டாம். முதலாமவரிடம் நினைவுக்கு வராத ஒன்று இரண்டாமவரிடம் பேசும்போது வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

போக வேண்டுமா என்று முடிவெடுத்தல்

பிள்ளைகள் அடம்பிடிப்பதும், பொய் சொல்வதும், சில நாள் பள்ளிக்குப் போக மறுப்பதும் வளர்ச்சியின் போக்கில் வந்து போகக்கூடியவை. அவற்றையெல்லாம் மையத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது எத்தனை வாரங்களாக நீடிக்கிறது? வீட்டில் மட்டுமா, பள்ளியிலும் விளையாடும் இடத்திலும் இருக்கிறதா? உண்பது, உறங்குவது, கற்பது, நட்புக் கொள்வது ஆகிய அன்றாடப் பணிகளில் எதையாவது தடுக்கிறதா? அதே வயதுப் பிள்ளைகளிடம் காணாத அளவுக்கு இருக்கிறதா? இரண்டு கேள்விகளுக்காவது மனம் கலங்கும் விடை கிடைத்தால் சென்று பார்ப்பதே நல்லது. ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பினாலும் அது வீண் பயணம் ஆகாது.

சிறு குழந்தைகளிடம் சில அடையாளங்கள் தெரிந்தால் ‘இன்னும் சில மாதம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று இருந்துவிடக் கூடாது. 12 மாதத்தில் மழலை ஒலிகளோ, கைகாட்டிக் கேட்பது போன்ற சைகைகளோ இல்லாதிருத்தல், 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராதிருத்தல், 24 மாதத்தில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாதிருத்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஏற்கெனவே பேசிய சொற்களையோ பழகிய திறன்களையோ எந்த வயதில் இழந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். படுக்கையில் சிறுநீர் கழிப்பதைப் பொதுவாக 5 வயதுக்கு முன் ஒரு குறையாகக் கருதுவதில்லை. ஆனால் பல மாதங்கள் உலர்ந்த படுக்கையில் உறங்கிய பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கினால், எந்த வயதானாலும் காரணம் தேட வேண்டும். வீட்டில் ஓயாமல் பேசும் பிள்ளை, பள்ளியில் சேர்ந்து சில மாதங்களாகியும் அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை என்றால், அதை வெறும் கூச்சம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொரு வகை உண்டு. அதில் முன்பதிவுக்கும் காத்திருப்புக்கும் இடமில்லை. சாக வேண்டும் என்று பேசுவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, நாள்கணக்கில் உண்ணவோ பருகவோ மறுப்பது, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்லி அஞ்சுவது, திடீரென்று குழம்பிப்போய் ஆள் இடம் தெரியாமல் பேசுவது ஆகியவை அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காட்ட வேண்டியவை. செல்லும் வரை பிள்ளையைத் தனியே விடாமல், மருந்துகளையும் கூர்மையான பொருள்களையும் பூட்டி வையுங்கள்.

முன்பதிவும் காத்திருக்கும் காலமும்

முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசும்போது நீண்ட கதை தேவையில்லை. பிள்ளையின் வயது, முதன்மையான கவலை, அது எவ்வளவு காலமாக இருக்கிறது, யார் அனுப்பினார்கள் என்பவை போதும். நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், ஏனெனில் யாரை முதலில் பார்ப்பது என்பதை அந்தச் சிறு உரையாடலைக் கொண்டே பல மையங்கள் தீர்மானிக்கின்றன. முதல் சந்திப்பு எவ்வளவு நேரம் எடுக்கும், பெற்றோர் இருவரும் வர வேண்டுமா, எந்தக் கோப்புகளைக் கொண்டுவர வேண்டும், கட்டண முறை என்ன என்பவற்றை அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

காத்திருக்கும் வாரங்களை வீணாக்க வேண்டாம். செவித்திறனையும் பார்வையையும் சோதித்து வையுங்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கும், தாமதமாகப் பேசும் குழந்தைக்கும், வகுப்பில் கவனம் சிதறும் பிள்ளைக்கும் மையத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி காது கேட்கிறதா என்பதுதான்; அதற்கான அறிக்கை கையில் இருந்தால் ஒரு சந்திப்பு மிச்சமாகும். குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, வலிப்பு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவற்றைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இரவில் குறட்டை விட்டுச் சரியாக உறங்காத பிள்ளை பகலில் துறுதுறுவென்று ஓயாமல் அலையக்கூடும் என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை.

குறிப்பேடு

நீங்கள் மையத்திற்குக் கொண்டுசெல்லும் பொருள்களில் மிகவும் மதிப்பு வாய்ந்தது நீங்களே எழுதிய ஒரு சிறு குறிப்பேடு என்பது என் உறுதியான கருத்து. மருத்துவர் உங்கள் பிள்ளையை ஒரு மணி நேரம் பார்க்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில், புது இடத்தின் அச்சத்தால், வீட்டில் பொருள்களை வீசி எறியும் பிள்ளை அமைதியின் வடிவமாக அமர்ந்திருக்கலாம். எனவே மையத்தில் உள்ளவர்கள் உங்கள் கண்களின் வழியாகத்தான் மற்ற நேரத்தைப் பார்க்க முடியும்.

‘எப்போதும் கோபப்படுகிறான்’, ‘சொன்ன பேச்சே கேட்பதில்லை’ என்ற தீர்ப்புகளை எழுதாதீர்கள். நடந்ததை மூன்று பகுதியாக எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பின் சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள். எடுத்துக்காட்டாக, ‘மாலை 6 மணி. கணக்குப் பாடத்தை எடு என்றேன். புத்தகத்தைக் கிழித்துவிட்டு அழுதாள், ஏறத்தாழ இருபது நிமிடம். பாடத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று அப்பா சொன்ன பிறகு அடங்கினாள்’ என்று எழுதுங்கள். இப்படி இரண்டு வாரக் குறிப்புகளைப் படிக்கும் உளவியலாளருக்கு, இந்தச் சினம் எப்போதும் கணக்குப் பாடத்தின் முன்னால்தான் எழுகிறது என்பதும், சினம் எழுந்ததும் பாடம் விலகிப்போகிறது என்பதும் தெரிந்துவிடும். கோபக்காரப் பிள்ளை என்று வந்தவளுக்கு உண்மையில் கணக்கில் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்ற எண்ணம் அந்தக் குறிப்பிலிருந்துதான் பிறக்கும்.

பிள்ளை நன்றாக இருந்த நேரங்களையும் எழுதுங்கள். எந்த ஆசிரியரின் வகுப்பில் அமைதியாக இருக்கிறான், யாருடன் விளையாடும்போது சிரிக்கிறான், எந்த வேலையில் நேரம் போவது தெரியாமல் ஆழ்ந்துவிடுகிறான் என்பவை சிகிச்சைக்குப் பிடிமானம் தருபவை. உறங்கச் சென்ற நேரம், விழித்த நேரம், திரையில் செலவிட்ட நேரம் ஆகியவற்றுக்கு ஒரு வரி போதும். வலிப்போ என்று ஐயுறும் அசைவு, கண் சிமிட்டல், விசித்திரமான கையசைவு போன்றவற்றைக் கைப்பேசியில் படம்பிடித்து வைப்பது விவரிப்பதைவிடப் பயன் தரும். ஆனால் பிள்ளை அழுது அரற்றும்போது முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் படம்பிடிக்க வேண்டாம். அது அவமானமாகவே பிள்ளையின் மனத்தில் தங்கும்.

குறிப்பேட்டுடன் பிறப்பு விவரங்கள், தடுப்பூசி அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், இப்போது தரும் மருந்துகளின் பட்டியல், சில ஆண்டுகளின் மதிப்பெண் அறிக்கைகள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை எழுதிய இரண்டு பள்ளி நோட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழைகளின் வகையும், பக்கம் போகப் போகக் கையெழுத்து சிதைவதும் மதிப்பெண்ணில் தெரியாத செய்திகளைச் சொல்லும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

கடைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துவருவது மிகவும் பரவலான வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏமாற்றி அழைத்துவரப்பட்ட பிள்ளை, தன்னை ஏமாற்றியவர்களுடன் கூட்டுச் சேர்ந்தவராகவே அங்கிருப்பவரையும் பார்க்கிறது. அந்த அவநம்பிக்கையைப் போக்கவே முதல் சில சந்திப்புகள் கழிந்துவிடும். ‘இப்படியே இருந்தால் டாக்டரிடம் கொண்டுபோய் விட்டுவிடுவேன்’ என்ற அச்சுறுத்தலும் அதே கேட்டைத்தான் விளைவிக்கிறது.

சிறு குழந்தைக்கு முந்தின நாள் சொன்னால் போதும்: ‘நாளை ஒரு அத்தையைப் பார்க்கப் போகிறோம். அவர் உன்னோடு விளையாடுவார், படம் வரையச் சொல்வார். ஊசி போடுவது அவர் வேலை இல்லை. நான் அங்கேயே இருப்பேன்.’ பள்ளி வயதுப் பிள்ளைக்குச் சில நாள் முன்னதாக, குற்றம் சாட்டாத குரலில் உண்மையைச் சொல்லுங்கள்: ‘உனக்குப் படிக்கும்போது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, நமக்குள்ளும் சண்டை வருகிறது. அதைச் சரிசெய்ய உதவுகிறவர்களிடம் நாம் எல்லோரும் சேர்ந்து போகிறோம்.’ ‘நாம்’ என்பதை விட்டுவிடாதீர்கள். தான் மட்டும் பழுதுபட்டவன் என்ற எண்ணத்தோடு உள்ளே நுழையும் பிள்ளை பேசாது.

பதின்பருவத்தினர் வர மறுத்தால் இழுத்துவர முயல வேண்டாம். ஒரே ஒருமுறை வந்து பார், பிடிக்காவிட்டால் அதன் பின் என்ன செய்வதென்று சேர்ந்து பேசுவோம் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் பெற்றோர் மட்டும் முதலில் செல்லலாம். வீட்டில் பேசும் முறை மாறத் தொடங்கியதைக் கண்டு சில வாரங்களில் தாமாகவே வந்த பிள்ளைகள் உண்டு.

முதல் சந்திப்பு

முதல் சந்திப்பு பொதுவாக ஒரு மணி நேரத்திற்குக் குறையாது. குடும்பத்தார் எல்லோரிடமும் சேர்ந்து சிறிது நேரம் பேசுவார்கள். பின்னர் பெற்றோரிடம் தனியாகவும் பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார்கள். கருவுற்றிருந்த காலம், பிரசவம், குழந்தை நின்றதும் நடந்ததும் பேசியதும் எந்த மாதத்தில், காய்ச்சலோடு வலிப்பு வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ வலிப்போ குடிப்பழக்கமோ உண்டா, வீட்டில் சண்டை எப்படி நடக்கும், யார் அடிப்பார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். இவற்றில் சில கேள்விகள் உங்களைச் சுடும். உங்கள்மீது பழி போடுவதற்காக அவை கேட்கப்படுவதில்லை. கணவன் மனைவிக்கு இடையே பேச்சு நின்று ஆறு மாதம் ஆகிறது என்பதை மறைத்துவிட்டால், பிள்ளையின் வயிற்றுவலிக்கு ஆறு மாதமாகக் காரணம் தேடி அலைவது தொடரும்.

பிள்ளையின் முன்னிலையில் பேச விரும்பாதது ஏதேனும் இருந்தால், ‘இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்’ என்று தொடக்கத்திலேயே கூறிவிடுங்கள். தத்தெடுப்பு, மறைக்கப்பட்ட ஒரு மரணம், பெற்றோரின் நோய் ஆகியவை அத்தகையவை. பிள்ளையின் குறைகளை அதன் காதில் விழும்படி வரிசையாக அடுக்குவதையும் தவிர்க்க வேண்டும். கூச்சத்தால் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் அதன்பின் எதையும் கேட்டறிவது கடினம்.

பிள்ளையுடன் தனியே இருக்கும்போது அவர்கள் செய்வது வெளியிலிருந்து பார்க்கையில் வெறும் விளையாட்டாகத் தோன்றும். பொம்மைகளை எப்படி எடுக்கிறது, தோற்றால் என்ன செய்கிறது, செய்யச் சொல்வதை எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறதா, தன் மகிழ்ச்சியைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளத் திரும்புகிறதா, ‘உன் குடும்பத்தை வரை’ என்றால் யாரை விட்டுவிடுகிறது என்று ஒவ்வொன்றும் கவனிக்கப்படுகிறது. ஒரு படத்தை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வருவதில்லை. பேச்சைத் தொடங்க அது ஒரு வாயில், அவ்வளவே. ஆகவே வெளியே வந்ததும் ‘என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்’ என்று துருவ வேண்டாம்.

சற்றுப் பெரிய பிள்ளைகளிடம், சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று நேரடியாகவே கேட்பார்கள். இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுமோ என்று பெற்றோர் பதறுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது. கேட்க ஒருவர் முன்வந்ததே பல பிள்ளைகளுக்குப் பாரத்தை இறக்கிவைத்த ஆறுதலைத் தருகிறது. பிள்ளை தனியே சொன்னவற்றைப் பெற்றோரிடம் முழுவதுமாக ஒப்பிக்க மாட்டார்கள் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து, பிறரைத் தாக்கும் திட்டம், பிள்ளைக்கு யாரேனும் தீங்கிழைத்தல் ஆகியவை தெரியவந்தால் மட்டும் அந்த இரகசியம் காக்கப்படாது; எந்த எல்லை வரை காக்கப்படும் என்பதை முதல் நாளே பிள்ளையிடமும் உங்களிடமும் விளக்குவது நல்ல மையத்தின் இலக்கணம். விளக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

சோதனைகளும் மதிப்பீடும்

முதல் நாளிலேயே நோயின் பெயர் சொல்லப்படவில்லை என்றால் ஏமாற்றம் கொள்ள வேண்டாம். ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச் சிதறலும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு இருக்கலாம், அதே தோற்றத்தைப் பதற்றம் தரலாம், உறக்கக் குறைவு தரலாம், காது கேளாமை தரலாம், பாடம் புரியாமை தரலாம், வீட்டில் நடக்கும் வன்முறையும் தரலாம். ஏ.டி.எச்.டி. என்று உறுதிசெய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட வரையறை. இதற்காகத்தான் உங்களுக்கு ஒரு வினாத்தாளும் ஆசிரியருக்கு ஒரு வினாத்தாளும் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பொருளில்லை. அந்த முரணே ஒரு தடயம்.

பிறரோடு பழகுவதிலும் உரையாடுவதிலும் சிரமம் தரும் வளர்ச்சிக் குறைபாடான ஆட்டிசத்தை இரத்தப் பரிசோதனையிலோ மூளைப் படத்திலோ கண்டறிய முடியாது. வளர்ச்சி வரலாற்றையும் நேரடிக் கவனிப்பையும் கொண்டே கண்டறிகிறார்கள். வலிப்பு, தலைக்காயம் போன்ற ஐயம் இருக்கும்போதுதான் ஸ்கேனும் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனையும் தேவைப்படும். எனவே ‘ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை’ என்ற கவலை பெரும்பாலும் வேண்டாதது.

நுண்ணறிவுச் சோதனை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் எண்ணைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் நெஞ்சம் உடைவதைப் பலமுறை காண நேர்கிறது. 6 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையில் சராசரி 100. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். ஆனால் மொத்த எண்ணைவிட அதன் உட்பிரிவுகள்தாம் பயன் தருபவை. சொற்களால் சிந்திப்பதில் வலுவாகவும், தகவலை மனத்தில் சிறிது நேரம் நிறுத்தி வைப்பதில் தளர்வாகவும் இருக்கும் பிள்ளைக்கு, ஒரே மூச்சில் நான்கு கட்டளைகள் இடுவதை நிறுத்தினாலே வகுப்பறை வாழ்க்கை மாறக்கூடும். பிள்ளைக்கு நன்கு வரும் மொழியில் சோதனை நடக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பேசும் பிள்ளைகளுக்கு இது மிகவும் முக்கியம். முந்தின இரவு போதிய உறக்கமும், வயிற்றுக்கு உணவும், கண்ணாடி அணிபவராயின் கண்ணாடியும் இருந்தால் வேறு ஆயத்தம் வேண்டாம். காய்ச்சலில் இருக்கும் பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். வேறு நாள் கேட்டுப் பெறலாம்.

முடிவைக் கேட்கும் நாள்

அந்த நாளில் பிள்ளையை வளர்ப்பவர்கள் இருவராவது வர வேண்டும். கலக்கத்தில் ஒருவர் கேட்காமல் விட்டதை மற்றவர் கேட்டிருப்பார். வீட்டிற்குத் திரும்பி ஒருவர் மற்றவருக்குப் பெயர்த்துச் சொல்லும் சுமையும் இராது. நோய்க்குறியின் பெயரோடு, இந்தப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் ஏன் இப்போது வந்தது, எது அதை நீடிக்க வைக்கிறது, எது பிள்ளையைக் காக்கிறது என்ற விளக்கத்தையும் கேட்டுப் பெறுங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், வேறு என்னவாக இருக்கலாம், முதலில் எதைத் தொடங்குவது, மாற்றம் தெரிய எவ்வளவு காலம் ஆகும், அதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அறிக்கையை எழுத்தில் கேளுங்கள்.

அன்று நீங்கள் அழலாம், கோபப்படலாம், ஒன்றும் புரியாமல் எழுந்து வரலாம். பத்து நாள் கழித்து இன்னொரு சந்திப்பு கேட்டால் மையத்தார் வியப்படைய மாட்டார்கள். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை. ஆனால் ஆட்டிசம் போன்றவற்றில் இரண்டாவது கருத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பேச்சுப் பயிற்சியை நிறுத்தி வைக்காதீர்கள். பயிற்சி தொடங்குவதற்கு உறுதியான பெயர் தேவையில்லை.

சிகிச்சை

சிகிச்சை என்றதும் மருந்தை நினைப்பது இயல்பு. குழந்தைகள் மையத்தில் மருந்து பல வேளைகளில் துணையாகவே வருகிறது. சில நிலைகளில் அது தேவைப்படுவதே இல்லை. மேலும், வாரத்திற்கு ஒரு மணி நேரம் சிகிச்சையாளருடன் இருக்கும் பிள்ளை மற்ற நேரமெல்லாம் உங்களுடன் இருக்கிறது. ஆகவே முதல் பயிற்சி உங்களுக்குத்தான்.

அடங்காமை, மூர்க்கம், சிறு வயது ஏ.டி.எச்.டி. ஆகியவற்றில் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை; பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு இதை முயன்ற பின்பே மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் பிள்ளை விரும்பும் விளையாட்டில், அது சொல்கிறபடி, கேள்வியோ திருத்தமோ இல்லாமல் உடன் விளையாடுவது முதல் பாடம். நல்ல செயலைக் கண்ட உடனே, எதைப் பாராட்டுகிறோம் என்று பெயர் சொல்லிப் பாராட்டுவது அடுத்தது. கட்டளையைச் சுருக்கமாக, ஒன்றொன்றாக, அருகில் சென்று சொல்ல வேண்டும். தீங்கில்லாத சிணுங்கலையும் அலறலையும் கண்டுகொள்ளாமல் விடும்போது, அது முதல் சில நாள் குறையாமல் கூடும். பெரும்பாலான பெற்றோர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்; அலறல் உச்சத்தில் இருக்கும்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் உரக்க அலற வேண்டும் என்றே பிள்ளை கற்றுக்கொள்கிறது. இந்தக் கூடுதலை எதிர்பார்த்திருங்கள். இது தோல்வி அல்ல. முறை வேலை செய்யத் தொடங்கியதன் அறிகுறி.

பள்ளிக்குப் போக அஞ்சும் பிள்ளைக்கு வேறு வழி. தலைவலி வயிற்றுவலி என்று காலையில் தொடங்கி, பள்ளி நேரம் கடந்ததும் நலமாகிவிடும் பிள்ளை நடிக்கிறது என்று எண்ண வேண்டாம். வலி மெய்யானது, அதன் ஊற்று அச்சம். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அன்றைக்கு நிம்மதி, மறுநாள் அச்சம் இன்னும் பெரிதாகும். எனவே படிப்படியான திட்டம் வகுப்பார்கள்: முதலில் பள்ளி வாயில் வரை, பின்னர் நூலக அறையில் ஒரு மணி நேரம், பின்னர் பிடித்த இரண்டு பாட வேளைகள், பின்னர் அரை நாள் என்று. ஒவ்வொரு படியிலும் அச்சம் தானாகத் தணியும் வரை நிற்பது முக்கியம். அதற்கு முன், பள்ளியில் யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்று தீர விசாரித்தாக வேண்டும். துன்புறுத்தல் நடக்கும் இடத்திற்குப் பிள்ளையைப் பழக்கப்படுத்துவது கொடுமை.

படுக்கை நனைக்கும் பள்ளி வயதுப் பிள்ளைக்கு, ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரக் கருவி நல்ல பலன் தரும். ஆனால் இரண்டு மூன்று மாதம் பெற்றோரும் எழுந்து துணை நிற்க வேண்டும். எக்காரணம் கொண்டும் தண்டிக்கக் கூடாது. உறக்கத்தில் நிகழும் இது பிள்ளையின் கட்டுப்பாட்டில் இல்லை.

மருந்து பரிந்துரைக்கப்பட்டால், எந்த அறிகுறிக்காக, எவ்வளவு நாளில் பலன் தெரியும், எந்தப் பக்கவிளைவுக்கு உடனே அழைக்க வேண்டும், எப்போது மறு ஆய்வு என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் உட்கொண்ட அன்றே வேலை செய்யும். பசி குறைவதும் உறக்கம் தாமதமாவதும் பொதுவான விளைவுகள். உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒழுங்காகப் பார்த்து வர வேண்டும். மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் தரும் ஃபுளூஆக்சிடின் போன்ற மருந்துகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் எச்சரித்தது; ஆகவே புதிதாக வரும் அமைதியின்மை, உறக்கமின்மை, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அழையுங்கள். அஞ்சி நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். திடீரென்று நிறுத்துவதால் வேறு தொல்லைகள் வரும். ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளைப் போக்கும் மருந்து எதுவும் இல்லை. குணமாக்கிவிடுவதாகச் சொல்லி விற்கப்படும் எதற்கும் பணத்தையோ பிள்ளையின் உடலையோ பணயம் வைக்காதீர்கள்.

பள்ளியுடன் பேசுதல்

மையம் உங்கள் ஒப்புதல் இல்லாமல் பள்ளிக்குத் தகவல் தராது; எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று தனித்தனியாக ஒப்புதல் தரலாம். நோய்க்குறியின் பெயரைவிட வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பே ஆசிரியருக்குப் பயன்படும்: முன் வரிசையில் இடம், தேர்வில் கூடுதல் நேரம், உரக்கப் படிக்கச் சொல்லி வற்புறுத்தாமை, நடுவில் எழுந்து நடக்கச் சிறு இடைவேளை. இவற்றை ஒரே பக்கக் கடிதமாக மையத்திடம் கேட்டுப் பெறுங்கள். ஆசிரியர் மாறும் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கடிதத்தை மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.

உடன்பிறந்தவர்களுக்கும் வயதுக்கு ஏற்ற விளக்கம் தேவை. ‘அவனுக்கு மட்டும் ஏன் சலுகை’ என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது.

தொடர் சந்திப்புகளும் விடைபெறுதலும்

நாலைந்து சந்திப்புகளில் நன்றாகத் தேறிய பிள்ளை, தேர்வு நெருங்கும்போதோ நீண்ட விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும்போதோ பழைய நிலைக்குத் திரும்பியதுபோல் தோன்றலாம். அப்போதுதான் பலர் மையத்திற்கு வருவதை நிறுத்துகிறார்கள். அப்போதுதான் வந்தாக வேண்டும். குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதி வந்தால், சினம் வாரத்திற்கு ஏழு முறையிலிருந்து மூன்றாகக் குறைந்திருப்பதை, களைத்துப்போன உங்கள் மனம் மறந்தாலும், தாள் காட்டும். சிகிச்சையாளரோடு பிள்ளைக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லலாம். அவர் புண்படுவார் என்று எண்ணிப் பேசாமல் நின்றுவிடுவதைவிட, வேறொருவரை ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்பது நல்லது.

சந்திப்புகள் வாரந்தோறும் என்பதிலிருந்து மாதம் ஒருமுறை, மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்று இடைவெளி விட்டுக் குறையும். முடிக்கும்போது செய்த சோதனைகள், தந்த சிகிச்சை, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பவற்றைக் கொண்ட சுருக்க அறிக்கையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எந்த அறிகுறி திரும்பினால், எவ்வளவு நாள் பார்த்துவிட்டு, யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பதின்பருவத்தின் இறுதியில் இருப்பவராயின், பெரியவர்களுக்கான மனநலப் பிரிவுக்கு மாறும் ஏற்பாட்டைப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கி, முடிந்தால் புதிய மருத்துவருடனான முதல் சந்திப்பில் பழைய சிகிச்சையாளரும் உடனிருக்கும்படி கேளுங்கள். அந்த அறிக்கையின் ஒரு படி பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.